கான் அகாடமியின் லைன் பிளாட் பயிற்சி: கூடவே ஒரு இஞ்ச் டேப்பும் வேண்டும்

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு லைன் பிளாட் சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எதுவும் வாங்க வேண்டாம். கான் அகாடமி என்ற கல்வி இணையதளத்தில் இருக்கும் இலவசப் பயிற்சியே போதும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நான் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வீட்டில் இருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். இஞ்ச் டேப் நாள் முழுக்கக் கழுத்தில்தான் கிடக்கும். அதனால் இந்தப் பாடத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நம் ஊரில் படித்துவிட்டு வந்த பெற்றோருக்கு லைன் பிளாட் புதிதாக இருக்கும். ஒரு எண்கோடு போட்டு, அளந்த ஒவ்வொரு பொருளுக்கும் அதன் அளவுக்கு நேர் மேலே ஒரு எக்ஸ் போட வேண்டும். அதே அளவு மறுபடி வந்தால் எக்ஸ் மேல் எக்ஸ். கலிஃபோர்னியா 2010-இல் ஏற்றுக்கொண்ட, அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பொதுவான காமன் கோர் பாடத்திட்டத்தில் இது இரண்டாம் வகுப்பிலேயே முழு எண்களோடு தொடங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் அரை இஞ்ச், கால் இஞ்ச். நாலாம் வகுப்பில் அரைக்கால் இஞ்ச், அதாவது 1/8 வரை போகிறது. படத்தைப் பார்த்துப் பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டும்.

சரி, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? எக்ஸ் என்பது ஒரு பொருள், கீழே இருக்கும் எண் அதன் நீளம். இந்த இரண்டும் கலந்துவிடுகிறது. என் மகள் மிச்சம் விழுந்த லேஸ் துண்டுகளை என் டேப்பில் அளந்தாள். ஒன்பது துண்டு. 4 1/4 இஞ்சில் ஒன்று, 4 3/4-இல் இரண்டு, 5-இல் இரண்டு, 5 1/4-இல் மூன்று, 5 1/2-இல் ஒன்று. படத்தைப் போட்டு முடித்ததும், "எதும்மா ரொம்ப நீளம்?" என்று கேட்டேன். உயரமாக நின்ற 5 1/4 வரிசையைத்தான் விரல் முதலில் தொட்டது. அந்தத் துண்டுகளையே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும், "அது நிறைய இருக்கு, நீளமா இல்ல" என்று அவளே சொன்னாள். 4 1/2-இல் துண்டே இல்லை; ஆனாலும் கோட்டில் அந்த இடம் காலியாக இருந்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு எண்களை நெருக்கி எழுதினால் படம் பொய் சொல்லும்.

இந்த அளவுக்குக் கை பழகிய பிறகு கான் அகாடமியைத் திறந்தால் பயிற்சி சுலபமாக ஓடுகிறது. சில பயிற்சிகளில் எண்கோட்டின் மேல் பிள்ளையே புள்ளி வைக்க வேண்டும். எக்ஸுக்குப் பதில் புள்ளி வந்தால் டாட் பிளாட் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். சரியா தவறா என்பது உடனே தெரிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது குறிப்பு கொடுக்கும் விதம். விடையைத் தூக்கிக் கொடுக்காமல், ஒவ்வொரு படியாகத் திறந்து காட்டுகிறது. ஐந்து இஞ்சுக்கு மேல் எத்தனை என்றால் புள்ளிகளை எண்ண வேண்டும். மிக நீளத்துக்கும் மிகக் குட்டைக்கும் வித்தியாசம் என்றால் கீழே உள்ள எண்களைக் கழிக்க வேண்டும். எங்கள் லேஸில் முதலாவதுக்கு விடை 4, இரண்டாவதுக்கு 1 1/4 இஞ்ச். இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்டால்தான் பிள்ளை படத்தைப் படிக்கிறதா, இல்லை சும்மா எண்ணுகிறதா என்பது நமக்குத் தெரியும்.

திரையில் கணக்கு எல்லாம் தயாராக வந்து நிற்கும், யாரோ அளந்த அளவு. டேப்பைப் பிடித்து, பொருளின் முனையைச் சுழியத்தில் வைத்து, இது கால் இஞ்சுக்குப் பக்கமா அரைக்குப் பக்கமா என்று முடிவு பண்ணும் வேலை அங்கே கிடையாது. அதை நாம்தான் செய்ய வைக்க வேண்டும்.

காசு கொடுத்து ஒரு பயிற்சிப் புத்தகமும் வாங்கினேன், பெயர் வேண்டாம். வழவழ தாள், கலர் பென்சில் படங்கள். உள்ளே எண்கோடு, தலைப்பு எல்லாம் அவர்களே அச்சடித்துவிட்டார்கள், பிள்ளைக்கு எக்ஸ் போடுவது மட்டும்தான் மிச்சம். கடைசிப் பக்கத்தில் வெறும் விடை. எப்படி வந்தது என்று ஒரு வரி இல்லை. ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லித்தரத் தயங்கும் நம் வீட்டு அம்மாக்களுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். அது இல்லாத புத்தகத்துக்கு நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், அஞ்சாம் வகுப்புப் பயிற்சிக்கு அவசரப்பட்டுத் தாவ வேண்டாம். அங்கே எல்லாவற்றையும் கூட்டிச் சமமாகப் பிரிக்கச் சொல்வார்கள். பாடத்திட்டத்தில் உள்ள உதாரணமே பீக்கர்களில் ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவும் இருக்கும் திரவத்தைச் சமமாக ஊற்றுவது. எங்கள் ஒன்பது துண்டும் சேர்ந்து 45 இஞ்ச், சமமாகப் பிரித்தால் துண்டுக்கு 5. மூன்று எக்ஸ் நிற்கும் 5 1/4-ஐ மூன்று தடவை கூட்ட வேண்டும் என்று பிள்ளைக்குத் தானாகத் தோன்றும் வரைக்கும் நாலாம் வகுப்புப் பயிற்சியிலேயே இருக்கட்டும்.