கருமுட்டையா, கருவா: எதை உறைய வைப்பது?

உடல்நலத்தோடு இருக்கும் பெண் ஒருவர், குழந்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இரண்டு வழிகள் உண்டு. முட்டையை மட்டும் உறைய வைக்கலாம். துணைவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாகவும் உறைய வைக்கலாம்.

உடல் வலி: இரண்டிலும் ஒன்றுதான். பத்து நாள் போலத் தினமும் தொப்புளுக்குக் கீழே ஊசி, பிறகு மயக்கத்தில் முட்டை எடுப்பு.

நம்பகம்: எத்தனை கரு தேறியது என்பது சில நாள்களிலேயே தெரிந்துவிடும். முட்டையோ, பல ஆண்டுகள் கழித்து உருக்கும் நாளில்தான் உண்மையைச் சொல்லும். இதை அழுத்திச் சொல்லாத மருத்துவமனை பெண்ணை ஏமாற்றுகிறது.

உரிமை: முட்டை அவளுடையது. கருவிலோ இருவருக்கும் பங்கு. பிரிட்டனைச் சேர்ந்த நடாலி எவன்ஸ், கட்டிகள் இருந்த சூலகங்களை அகற்றுவதற்கு முன், 2001இல் ஆறு கருக்களை உறைய வைத்தார். முட்டையாகவே வைக்க முடியுமா என்று அன்றே கேட்டுமிருந்தார். உறவு முறிந்தது, துணைவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவருடைய முறையீட்டை ஏற்கவில்லை. அவருடைய சொந்த முட்டையில் பிள்ளை பெறும் கடைசி வழியும் அதோடு அடைபட்டது. படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

மனசாட்சி: பயன்படாத முட்டையைக் கைவிடுவது பலருக்கு எளிது, கருவைக் கைவிடுவது அப்படியல்ல.

இருவரும் சேர்ந்தே பெற்றோராக வேண்டும் என்று உறுதிகொண்ட தம்பதிக்குக் கரு பொருந்தும். துணை இல்லாதவருக்கும், உறவில் சிறு ஐயம் உள்ளவருக்கும் முட்டைதான்.