அண்ணன் வீடா, சீமாட்டிகள் மடமா?

18, 19-ஆம் நூற்றாண்டுகளின் வட ஐரோப்பாவில் பிரபு குலத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் அமையவில்லை என்றால் பெரும்பாலும் வழி இரண்டுதான். ஒன்று அண்ணன் வீட்டில் ஓர் அறை. மற்றது ஜெர்மானியர் ‘ஷ்டிஃப்ட்’ என்று அழைத்த சீமாட்டிகள் மடம். அரசவைத் தோழி வேலையும் உண்டு, ஆனால் அது ராணியின் தயவு இருக்கும்வரைதான். அதை விட்டுவிடுவோம்.

என் ஓட்டு மடத்துக்கு. எல்லா மடத்துக்கும் அல்ல, சொந்த நிலம் வைத்திருந்த மடத்துக்கு.

அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்கும் கௌரவத்துக்கும் குறைவில்லை. சிக்கல் பணத்தில்தான் வரும். பண்ணை சிதறாமல் இருக்க நிலம் முழுவதும் ஒரு மகனுக்குப் போகும். மகள்களுக்கு வரதட்சணை, இல்லையேல் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. விளைச்சல் படுத்தாலோ அண்ணன் கடனில் விழுந்தாலோ முதலில் நிற்பது அந்தத் தொகைதான். போய்க் கேட்கவும் முடியாது. டென்மார்க்கில் 1857 வரையிலும், ஸ்வீடனில் 1863 வரையிலும், கல்யாணமாகாத பெண் எத்தனை வயதானாலும் சட்டப்படி ஒரு காப்பாளரின் கீழ்தான். (ஸ்வீடனில் 1858 முதல் நீதிமன்றத்தில் மனுப்போட்டு விடுபட வழி திறந்தது.) தகப்பன் போனபின் காப்பாளர் பல வீடுகளில் அதே அண்ணன்தான். பணம் தர வேண்டியவரும் அவர், அதற்குக் கணக்குக் கேட்க வேண்டியவரும் அவர். அவர் காலத்துக்குப்பின் அண்ணன் மகன் பொறுப்புக்கு வந்தால் அத்தையின் அறை மாடி மூலைக்கு நகரும்.

ஜெர்மன் கவிஞர் அனெட்டே ஃபொன் ட்ரோஸ்டே-ஹ்யூல்ஸ்ஹோஃபின் நிலையைப் பாருங்கள். 1826-இல் தகப்பனார் இறந்ததும் குடும்பக் கோட்டை தம்பிக்குப் போனது. இவர் தாயோடும் சகோதரியோடும் ர்யூஷ்ஹவுஸ் என்ற சிறிய மனைக்குக் குடிபெயர்ந்தார். நெப்போலியன் காலத்தில் அவர் பகுதியான வெஸ்ட்ஃபாலியாவின் பெரும்பாலான சீமாட்டிகள் மடங்கள் கலைக்கப்பட்டுவிட்டதால் அந்தக் கதவும் அவர் தலைமுறைக்கு மூடிவிட்டது. 1843-இல், 46 வயதில், கவிதைத் தொகுப்புக்கான பணத்தைக் கொண்டு மேர்ஸ்பூர்கில் திராட்சைத் தோட்டத்து வீடு ஒன்றை ஏலத்தில் எடுத்தார்.

இனி மடம். லுத்தரன் (சீர்திருத்தக் கிறிஸ்தவ) மடங்களில் துறவு உறுதிமொழி கிடையாது. ஊருக்குப் போகலாம், விருந்தினரை அழைக்கலாம், மாப்பிள்ளை வந்தால் கட்டிக்கொண்டு கிளம்பலாம். இடம் மட்டும் பறிபோகும். வட ஜெர்மனியில் ஹோல்ஷ்டைனின் ப்ரேட்ஸ் மடத்தில் சீமாட்டிகளுக்குத் தனித்தனி வீடுகளே இருந்தன. வசிக்க வேண்டிய காலமும் கட்டணமும் மடத்துக்கு மடம் மாறும். ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திவிடக் கூடாது.

சேர்வதற்கு மகளின் பெயரைத் தகப்பன் பதிய வேண்டும், பல இடங்களில் குழந்தைப் பருவத்திலேயே. கட்டணம் வரதட்சணையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். கடினமானது குலச் சான்று. கெடுபிடியான மடங்கள் 16 கேட்டன: பெற்றோர் 2, அவர்களைப் பெற்றவர்கள் 4, அதற்கு மேல் 8, அதற்கும் மேல் 16, அந்த 16 பேரும் பிரபு குலம். ஒவ்வொருவரின் குலச் சின்னத்தையும் கிளை கிளையாகத் தீட்டிய பலகையை முன்வைக்க, வேறு பிரபுக்கள் ‘உண்மை’ என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்த மேல் வரிசையில் ஒரு வியாபாரி மகள் இருந்தால் போச்சு. நூறு வருஷத்துக்கு முன் கடனை அடைக்க ஒரு தாத்தா பணக்கார இடத்தில் பெண் எடுத்ததற்குப் பேத்தி இப்போது வாசலில் நிற்பாள். சான்று தேறினாலும் ஒருவர் இறந்தால்தான், அல்லது மணமாகிப் போனால்தான் இடம் காலியாகும்.

இவ்வளவையும் தாண்டி நான் பார்ப்பது ஒன்றே: வருமானம் எதிலிருந்து வருகிறது? டென்மார்க்கின் ரோஸ்கில்ட (1699), வெம்மெடொஃப்ட (1735), வல்லோ (1737) மூன்றுக்கும் சொந்தப் பண்ணை இருந்தது. வல்லோவுக்கு அரசி சோஃபி மக்டலேன தன் எஸ்டேட்டையே எழுதிவைத்தார். 1813 ஜனவரியில் டென்மார்க் அரசு திவாலாகி காகிதப் பணம் மதிப்பிழந்தபோது ரொக்கமாக ஆண்டுத்தொகை வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். காடும் வயலும் இருந்த இடத்தில் இருந்தன. அந்த வயலில் உழைத்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும்: 1733 முதல் 1788 வரை குடியானவ ஆண்கள் பண்ணையை விட்டு வெளியேறவே சட்டம் விடவில்லை.

நிலம் இருந்தால் மட்டும் போதாது, அதன் மேல் அரசுரிமையும் இருந்துவிடக் கூடாது. ஜெர்மனியில் 936-இல் தொடங்கிய க்வேட்லின்பூர்க் மடத்தின் தலைவிக்குப் புனித ரோமப் பேரரசின் மன்றத்தில் இருக்கையும் வாக்கும் இருந்தன. மடமே ஒரு குட்டி நாடு. அதனால்தான் பேரரசைக் கூறுபோட்டபோது ப்ரஷ்யா அதை விழுங்கியது; 1803-ஓடு கதை முடிந்தது. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா 1755-இல் ப்ராக் கோட்டையில் நிறுவிய மடத்துக்கு அவரது ஹாப்ஸ்பூர்க் குடும்ப இளவரசிகளே தலைவிகள். அந்தக் குடும்பம் அரியணை இழந்ததும் மடமும் போனது.

வட ஜெர்மனியில் ஹனோவர் ஆட்சியின் கீழிருந்த, பகட்டில்லாத லூனெபூர்க் மடங்கள் ஆறும் தப்பிப் பிழைத்தன. ஹனோவரில் மடச் சொத்துகளை அரசுக் கஜானாவோடு கலக்காமல் தனியாக வைத்தார்கள். 1818-இல் அதற்கென்று ஒரு நிர்வாகமே அமைத்தார்கள். அந்த ஆறில் ஒன்றான வீன்ஹவுசனில் இன்றும் பெண்கள் குடியிருக்கிறார்கள். 16 பேர் பலகையை இப்போது யாரும் கேட்பதில்லை.