மனநல மருத்துவம் கற்பிக்க எது நல்லது: விரிவுரையா, சிக்கல்வழிக் கற்றலா?

மனநலப் பாடத்துக்குக் கிடைப்பதே சில வாரங்கள். அதனால்தான் இந்தக் கேள்வி ஆசிரியர்களை அலைக்கழிக்கிறது. ஒரு நோயாளியின் கதையைச் சிறு குழுவாக அலசிக் கற்பதே சிக்கல்வழிக் கற்றல். அதை 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது.

ஆள்பலம்
விரிவுரை: 150 மாணவருக்கு ஒருவர் போதும்.
சிக்கல்வழி: எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு வழிநடத்துநர் வேண்டும். சிறிய துறைகள் திணறுவது இங்கேதான்.

பாடப்பரப்பு
விரிவுரை: மருந்துகள், பக்கவிளைவுகள் எல்லாம் வரிசையாக முடியும்.
சிக்கல்வழி: இடைவெளி விழும்.

நோயறியும் திறன்
விரிவுரை: டெலிரியம் (உடல்நலக் கேட்டால் திடீரென வரும் மூளைக் குழப்பம்) ஒரு வரையறையாக மனத்தில் தங்கும்.
சிக்கல்வழி: இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் 70 வயது அம்மாள் இரவில் சுவரெங்கும் எறும்பு ஊர்வதாகச் சொல்கிறார். "மனச்சிதைவு" என்கிறார் ஒரு மாணவர். "இந்த வயதில், இரண்டே நாளில் வருமா?" என்று இன்னொருவர் மறிக்கிறார். இரத்த சோடியம் கேட்கிறார்கள், குறைந்திருக்கிறது. மூளைக் குழப்பத்துக்கு உடலே காரணம் என்பதை அந்தக் குழு எளிதில் மறக்காது.

மனப்பான்மை
விரிவுரை: நோயின் பெயர் முன்னால் நிற்கும்.
சிக்கல்வழி: அந்த அம்மாள் முன்னால் நிற்பார். எனக்கு இதுதான் பெரிது. ஆனாலும் தாளில் உள்ள நோயாளி வார்டில் உள்ளவருக்கு ஈடாகமாட்டார்.

ஆசிரியர் குறைவு, தேர்வு நெருக்கம் என்றால் விரிவுரையே கைகொடுக்கும். நாளை பொது மருத்துவராகப் போகிறவர்களை உருவாக்க, டெலிரியம், தற்கொலை எண்ணம், மதுப்பழக்கம் மூன்றையாவது குழுவில் பேசவிடுங்கள்.