டிசம்பரில் ஊருக்குப் போவதா, ஜனவரிக் கடைசியில் போவதா?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே ஒரு பேச்சு தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவதா, அல்லது கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஜனவரிக் கடைசியில் போய் நிம்மதியாக இருந்துவிட்டு வருவதா? பெரும்பாலும் இந்தப் பேச்சு விமானக் கட்டணத்தில் தொடங்கி, கட்டணத்திலேயே முடிந்தும் போகிறது. வெளிநாட்டில் கழித்த பதினான்கு ஆண்டுகளில் ஒன்பது முறை கிறிஸ்துமஸுக்கும் நான்கு முறை ஜனவரியிலும் ஊருக்குப் போயிருக்கிறேன். ஓர் ஆண்டு போகவே இல்லை. இத்தனைக்கும் பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: கட்டணத்தை ஒரு திரையில் பார்த்துவிட முடிகிறது என்பதால் அது முன்னால் வந்து நிற்கிறது. கையில் எத்தனை நாள் விடுப்பு இருக்கிறது, பயணம் குலைந்துபோனால் எவ்வளவு விரைவில் மீள முடியும், போய் இறங்கும் வீட்டில் அந்த நாட்களில் யார் இருப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது அது.

விடுப்புக் கணக்கில் டிசம்பருக்கே வெற்றி. 2026இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை வருகிறது; 2027 ஜனவரி முதல் நாளும் வெள்ளிதான். சனி, ஞாயிறு வார விடுமுறையாகவும் இந்த இரு வெள்ளிகளும் பொது விடுமுறையாகவும் உள்ள நாட்டில் வேலை பார்ப்பவர், திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள் விடுப்பெடுத்தால் டிசம்பர் 25 முதல் ஜனவரி 3 வரை தொடர்ச்சியாகப் பத்து நாட்கள் கிடைக்கும். அதே நான்கு நாள் விடுப்பை ஜனவரியின் ஒரு சாதாரண வாரத்தில் எடுத்தால் வார இறுதியையும் சேர்த்து ஆறு நாட்களுக்கு மேல் தேறாது. ஆனால் இந்தக் கணக்கு வேலை பார்க்கும் நாட்டைப் பொறுத்தது. சவூதி அரேபியாவிலும் ஜப்பானிலும் டிசம்பர் 25 பொது விடுமுறை அன்று. ஜப்பானில் அலுவலகங்கள் பொதுவாக டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருப்பதால், அங்கிருந்து கிளம்புபவருக்குப் பண்டிகைக்குப் பிந்திய நாட்கள்தான் இலவசமாகக் கிடைக்கின்றன. பண்டிகை நாளுக்கு அவர் தன் கையிருப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பத்து நாட்கள் என்பது காகிதத்தில்தான் பத்து. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடம்பு புதிய நேரத்துக்குப் பழகும் என்பார்கள். மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கடினம். எட்டு மணி நேரம் கிழக்கே பயணம் செய்து 23ஆம் தேதி இறங்குபவர் நள்ளிரவு ஆராதனையில் கண் செருகி நிற்பதும், விருந்தினர் நிறைந்த மறுநாள் மதியம் யாருக்கும் தெரியாமல் போய்ப் படுத்துக்கொள்வதும் புதிதல்ல. பசிபிக் கடலைத் தாண்டுபவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. சிட்னியில் 24ஆம் தேதி காலையில் ஏறினால், கடிகாரத்தின்படி ஏறிய நேரத்துக்கு முன்பாகவே அதே 24ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கலாம். எதிர்த்திசையில் 23ஆம் தேதி இரவு கிளம்பினால் 24ஆம் தேதி என்று ஒரு நாளே இல்லாமல் 25ஆம் தேதி காலையில் சிட்னியில் இறங்குவார்கள். அவசரத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது.

கட்டணத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டிசம்பர் இரண்டாம் பாதியில் அது ஏறும், ஜனவரி இரண்டாம் வாரத்தில் இறங்கும். ஆனால் “ஜனவரி மலிவு” என்ற பொதுவிதிக்கு விலக்குகள் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது பள்ளிகளின் கோடை விடுமுறைக் காலம் என்பதால், ஜனவரிக் கடைசி வரை கூட்டம் முழுவதும் குறைவதில்லை. சீனா, வியட்நாம், கொரியா ஆகிய நாடுகளுக்குப் போகிறவர்களுக்குச் சந்திரப் புத்தாண்டு குறுக்கே வரும். அது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் எந்த நாளிலும் விழலாம். எத்தியோப்பியாவிலும் செர்பியாவிலும், எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடையேயும் பிறப்புப் பெருவிழாவே ஜனவரி 7 அன்றுதான். பழைய நாட்காட்டியைப் பின்பற்றி வந்த உக்ரைன், 2023 முதல் அரசு விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டது. ஜனவரி 7ஐக் கொண்டாடும் குடும்பத்தினருக்கு ஒரு வசதி உண்டு: புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மற்றவர்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள், இவர்கள் அந்த ஓட்டத்துக்கு எதிராக வீட்டுக்குப் பறப்பார்கள்.

இரண்டு காலங்களுக்கும் இடையே உண்மையான இடைவெளி தெரிவது பயணம் குலையும்போது. 2010 டிசம்பர் 18 அன்று கொட்டிய பனியில் லண்டன் ஹீத்ரு விமான நிலையம் ஏறக்குறைய முழுவதுமாக முடங்கி, பயணிகள் முனையத் தரையிலேயே இரவுகளைக் கழித்தார்கள். 2018 டிசம்பர் 19 இரவு, டிரோன் பறப்பதாக வந்த தகவல்களால் காட்விக் விமான நிலையத்தின் ஓடுபாதை மூடப்பட்டு, அடுத்தடுத்த நாட்களில் ஏறத்தாழ 1,40,000 பேரின் பயணம் பாதிக்கப்பட்டது. பனியும் மூடலும் ஜனவரியிலும் வரும். ஆனால் டிசம்பர் 20ஐ ஒட்டிய நாட்களில் எல்லா விமானங்களும் முன்பே நிரம்பியிருப்பதால், ரத்தான ஒரு விமானத்தின் பயணிகளை ஏற்றிக்கொள்ள அடுத்த விமானத்தில் இடம் இருப்பதில்லை. ஜனவரியில் ஓர் இரவுத் தாமதமாக முடிவது, டிசம்பரில் பண்டிகையையே விழுங்கிவிடுகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓர் ஆண்டு கொஞ்சம் பணம் மிச்சமாகிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக எடுத்து, டிசம்பர் 22 அன்று முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாக வந்ததால் இரண்டாவதைத் தவறவிட்டேன். முகப்பில் இருந்த பெண் எதுவும் பேசாமல் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அடுத்த காலி இருக்கை 26ஆம் தேதி மதியத்தில் இருந்தது. ஒரே முன்பதிவாக இருந்திருந்தால் என்னை ஊர் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது பயணத்தைப் பற்றிக் கவலையில்லை, இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நான் வராத பயணி. பெட்டியை நானே வெளியில் எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சில நாடுகளில் இதற்காகவே நுழைவு விசா கேட்பார்கள். அந்த ஆண்டு 25ஆம் தேதியை ஒரு விமான நிலைய விடுதியின் ஜன்னலோரத்தில் கழித்தேன். ஆகவே டிசம்பரில் போவதென்றால் ஒரே முன்பதிவு, இயன்றால் நேரடி விமானம், 20ஆம் தேதிக்கு முன்பே ஊரில் இருத்தல் ஆகிய மூன்றையும் கட்டாயமாகக் கொள்ள வேண்டும் என்பேன். அதற்கு வழியில்லாதவர்களுக்கு ஜனவரியே உசிதம்.

சட்டத்தின் பாதுகாப்பும் பண்டிகைக் கூட்டத்தில் ஓரளவுக்குத்தான் எட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறையின்படி, பனிப்பொழிவு போன்ற அசாதாரணக் காரணத்தால் விமானம் ரத்தானால் ரொக்க இழப்பீடு கிடையாது. ஆனால் உணவும் இரவு தங்குமிடமும் தந்து, மாற்று விமானத்தில் அனுப்ப வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. அந்த மாற்று விமானம் என்றைக்குக் கிடைக்கும் என்பதில்தான் டிசம்பர் காலை வாருகிறது. பெட்டி வந்து சேராவிட்டால், விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மாண்ட்ரீல் உடன்படிக்கை துணைக்கு வரும். 2024 டிசம்பர் 28 முதல் அதன்படி இழப்பீட்டின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். பத்து நாளில் திரும்பிவிடும் டிசம்பர்ப் பயணி இந்தக் கெடுவை மறந்துவிடுவது சாதாரணம். இன்னொன்று, பரிசுகளை வண்ணக் காகிதத்தில் சுற்றி ஒட்டி எடுத்துப் போகாதீர்கள். சோதனையில் பிரிக்கச் சொன்னால் பிரித்துத்தான் காட்ட வேண்டும்.

சரியாக 25ஆம் தேதியன்றே பறப்பது என்று ஓர் இடைவழி இருக்கிறது. அன்று பல வழித்தடங்களில் நெரிசல் குறையும். ஆனால் இறங்கிய பிறகு என்ன செய்வது? பிரிட்டனில் டிசம்பர் 25 அன்று வழக்கமான ரயில்கள் ஓடுவதில்லை. பண்டிகை நாளில் அழைத்துப்போக வீட்டிலிருந்து ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்றால், மிச்சமான பணத்தை அவருடைய நாளிலிருந்து எடுத்ததாகத்தான் அர்த்தம்.

இனி வீட்டுக்கு வருவோம். கிறிஸ்துமஸுக்குப் போனால் எல்லாரையும் பார்க்கலாம் என்பது உண்மை. வேறு வேறு நாடுகளில் இருக்கும் அண்ணனும் அக்காவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வாய்ப்பு ஆண்டின் மற்ற ஐம்பத்தோரு வாரங்களில் கிடையாது. அவர்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதும் அந்தச் சில நாட்களில்தான். ஆனால் எல்லாரையும் பார்ப்பது என்றால் யாருடனும் உட்கார்ந்து பேசாமல் இருப்பது என்றும் பொருள். ஒருமுறை பத்து நாள் பயணத்தின் முடிவில், விமானத்தில் தூக்கம் வராமல், அம்மாவுடனும் அப்பாவுடனும் மட்டும் தனியாக எத்தனை மணி நேரம் இருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு மணி நேரம்கூடத் தேறவில்லை. அதிலும் ஒன்றரை மணி நேரம், விமான நிலையத்துக்குப் போகும் காரில் கழிந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரிக் கடைசியில் போனபோது வீடு வேறு மாதிரி இருந்தது. காலையில் அம்மா மாத்திரை எடுத்துக்கொள்ளும்போது பக்கத்தில் இருந்ததால்தான், எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் அட்டையின் நிறத்தை வைத்தே எது எந்த வேளைக்கு என்று அவர் அடையாளம் கண்டுகொண்டிருந்தது தெரியவந்தது. அட்டையின் நிறத்தை மருந்து நிறுவனம் மாற்றிவிட்டால் என்ன ஆவது? தொலைபேசியில் ஆண்டு முழுவதும் “எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்பா” என்று சொன்னவர் அவர். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்; வங்கியில் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் இருந்தன; மாடிப்படியில் பிடிமானம் பொருத்த ஆள் கிடைத்தார். டிசம்பர் 24க்கும் ஜனவரி 2க்கும் இடையில் போயிருந்தால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது. அலுவலகங்கள் மூடியிருக்கும், மருத்துவர் விடுப்பில் இருப்பார். பண்டிகை நாட்களில் வீட்டின் குறைகள் விருந்தினருக்காக மறைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; எத்தனையோ ஆண்டுகளாக நானும் அந்த விருந்தினர்களில் ஒருவன்தான்.

ஜனவரிக்காகக் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது. கூடப்பிறந்தவர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள். பண்டிகைக்கு வந்த நண்பர்களும் அவரவர் ஊர் திரும்பியிருப்பார்கள். அலங்கார விளக்குகளைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்ட வீட்டில் போய் இறங்குவது முதல் மாலையில் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. 25ஆம் தேதி உங்களுக்கு வேலை பார்க்கும் ஊரில் கழியும். அன்று கடைகளும் பேருந்தும் இல்லாத நகரத்தில் தனியாள் ஒருவருக்கு அது மிக நீண்ட நாள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், வட கோளத்து நாடுகளில் ஜனவரியின் நடுவில் இரண்டு வாரம் விடுப்பு எடுப்பது நடக்கிற காரியமில்லை. அவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது.

பெற்றோரை இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே பொது விசா செல்லுபடியாகும் ஐரோப்பிய நாடுகளில், வேலை பார்ப்பவர், பெற்றோருக்கு விசா தேவைப்பட்டால், பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரமென்றாலும் 15 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். இது உடல்நிலை நன்றாக இருக்கும் பெற்றோருக்கு, அதுவும் கோடையில் ஏற்ற வழி. நடுக்குளிரில், நாலு மணிக்கே இருட்டும் ஊரில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு பூட்டிய வீட்டில் இருவரையும் உட்காரவைப்பதற்குப் பெயர் விடுமுறை இல்லை.

என் முடிவு இப்படித்தான் அமைந்திருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் சிதறிக் கிடக்கும் குடும்பம் என்றால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் ஒரே கிறிஸ்துமஸுக்குப் போக முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆண்டு கட்டணத்தைப் பார்க்கக் கூடாது. மற்ற இரண்டு ஆண்டுகளில் ஒருவர் டிசம்பரிலும் இன்னொருவர் ஜனவரிக் கடைசியிலும் போனால், பெற்றோருக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை வீடு நிறையும். பண்டிகையும் வெறுமையாகக் கழியாது, மருத்துவரிடம் அழைத்துப்போகவும் ஆள் இருக்கும். எங்கள் வீட்டில் வரும் டிசம்பர் அண்ணனுக்கு, ஜனவரி எனக்கு. திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுத்திருக்கிறேன். கண் அறுவைசிகிச்சைக்கு மருத்துவர் இன்னும் நாள் குறிக்கவில்லை.