வோல்ஃபென்ஸ்டைனா, டூமா: ரசிகர்கள் கட்டிய முதல் லெவல்கள்

சுடும் விளையாட்டுகளுக்கு ரசிகர்களே லெவல் கட்டிய கதையை எல்லோரும் 1993 டிசம்பரில் வந்த டூமிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1992-இல் வந்த வோல்ஃபென்ஸ்டைன் 3டிக்கு இது அநியாயம். மேப்எடிட் என்ற ரசிகர் கருவியோடு அதைப் பிரித்து மேய்ந்தவர்கள் ஏராளம்.

வோல்ஃபென்ஸ்டைன் லெவல் என்பது 64-க்கு 64 கட்டங்கள் போட்ட பலகை. சுவருக்கு ஓர் எண், கதவுக்கு ஓர் எண். புதிதாகத் தொடங்குபவர்கூட ஒரே மாலையில் ஒரு கோட்டையை எழுப்பிவிடலாம். இதில் எனக்குப் பிடித்தது தரை. பார்வைக்கு எங்கும் ஒன்றுதான். ஆனால் அறைக்கு அறை தரையின் எண் வேறு. துப்பாக்கிச் சத்தம் எதுவரை கேட்கும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. எங்கோ கிடக்கும் இரண்டு அறைகளுக்குக் கவனக்குறைவாக ஒரே எண்ணைப் போட்டால், இங்கே சுட்டதும் அங்கே காவலர்கள் விழித்துக்கொள்வார்கள். தெரிந்தே போட்டால் அருமையான பொறி.

டூமில் கட்டம் கிடையாது. கோடுகளை இழுத்து, அவை வளைக்கும் இடத்துக்குத் தரை உயரம், கூரை உயரம், வெளிச்சம் என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். சத்தம் திறப்புகள் வழியே தானாகப் பரவும். அதை அடக்கக் கோட்டில் தடைக்குறி வைக்கலாம். ஆனால் ஒரு கோடு போதாது, இரண்டாவது கோட்டில்தான் சத்தம் நிற்கும். சுவருக்குப் படம் ஒட்ட மறந்தாலோ, முந்தைய காட்சிகள் அங்கே கோரமாக இழுபடும். மாடிமேல் மாடி இரண்டிலும் முடியாது.

பழகுவதற்கு வோல்ஃபென்ஸ்டைன்தான் சுலபம். ஆனாலும் என் ஓட்டு டூமுக்கே. காரணம் அழகு அல்ல, கோப்பு. மேப்எடிட், வோல்ஃபென்ஸ்டைனின் சொந்தக் கோப்பிலேயே கை வைக்கும். நகல் எடுக்காதவருக்கு அசல் லெவல் போனது போனதுதான். டூம் ரசிகரின் லெவல் தனி வாட் கோப்பாக (டூமின் தரவுகளை வைக்கும் கோப்பு வகை) இருக்கும். தொடக்கக் கட்டளையோடு அதன் பெயரைச் சேர்த்தால் போதும், அசலுக்குக் கீறல் விழாது. 1994 மார்ச்சில் வந்த ஒரிஜ்வாட், இரண்டு அறையும் நடுவே கதவும் மட்டுமே கொண்ட குட்டி லெவல். அதே ஆண்டிலேயே ஏலியன்ஸ் டிசி என்ற ரசிகர் படைப்பு டூமின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. டீம்டிஎன்டி என்ற ரசிகர் குழு இலவசமாகத் தர இருந்த லெவல் தொகுப்பை, இரண்டு விளையாட்டுகளையும் உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் விலைக்கு வாங்கி, 1996-இல் ஃபைனல் டூமில் சேர்த்து விற்றது.

தாராளத்துக்கும் எல்லை உண்டு: டூமின் இலவசப் பதிப்பில் வெளிக்கோப்பைக் கொடுத்தால், முதலில் காசு கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.