சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருவதாகச் சொல்லும் தளங்களுக்கு முன்பணம் கட்டாதீர்கள்: எங்களிடமிருந்து பறிபோன 1,18,000 ரூபாய்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டி கொடுக்கவும் வாழ்க்கைத் திறன் வகுப்புகள் நடத்தவும் பெருநிறுவனங்கள் சமூகப் பணிகளுக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியை வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, எங்கள் முன்னாள் மாணவர் அறக்கட்டளையிடம் 1,18,000 ரூபாயைக் கறந்துகொண்டு ஓர் இணையதளம் கைவிரித்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்காது என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் நேற்று மாலைதான் வந்தது. நிதி தேடும் சிறிய அறக்கட்டளைகளும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. நன்கொடையாளர்களையும் தொண்டு அமைப்புகளையும் இணைத்து வைப்பதாக விளம்பரம் செய்யும் தளம் என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அது 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கென்றே வந்தது. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் 6 முதல் 10 வரை படிக்கும் 214 பிள்ளைகளில் பலர், மதிய உணவோடு சரி, மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து கடைசிப் பேருந்தில் வீடு சேரும் வரை எதுவும் சாப்பிடுவதில்லை. தலைக்கு 12 ரூபாய் செலவில் சுண்டலோ கடலை உருண்டையோ கொடுக்கலாம் என்று முன்னாள் மாணவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் இந்த முயற்சி. உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கும் பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் ஆகியவற்றை எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது.

தளத்தின் 'திட்ட ஆலோசகர்' என்ற பெண்மணி காணொளி அழைப்பில் பேசியபோது எங்களில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. ஏமாற்ற வருபவர்கள் புகழ்ந்து பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரோ எங்கள் மதிப்பீட்டில் குறை கண்டுபிடித்தார். "ஆண்டுக்கு 220 நாள் என்று போட்டிருக்கிறீர்களே சார், தேர்வு நாட்களில் மாலை வகுப்பு ஏது?" என்று கேட்டு, அதை 200 நாளாகத் திருத்தினார். 5,13,600 ரூபாய் என்று தொகையை அவரே கணக்கிட்டுக் காட்டி, மூன்று ஆண்டுச் சிற்றுண்டிக்கும் வாழ்க்கைத் திறன் வகுப்புகளுக்கும் சேர்த்து 18,40,800 ரூபாய் கேட்கலாம் என்றார். பிள்ளைகளின் உயரம், எடைப் பதிவுகள் இருக்கின்றனவா என்று விசாரித்தார். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு என்ன மாற்று என்றும் கேட்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசியவர், அழைப்பு முடிவதற்குள் அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலையும் வாங்கிக்கொண்டார். இந்த நகலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் முகப்புத்தாளில் 'கொள்கையளவில் ஒப்புதல்' என்ற கடிதம் வந்தது. முத்திரை, கையொப்பம், 18,40,800 என்ற தொகை எல்லாம் சரியாக இருந்தன. செயலாக்கக் கட்டணம் ஒரு லட்சம், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 1,18,000 ரூபாயைக் கட்டினால் முதல் தவணை வந்துவிடும் என்றார்கள். லோடு ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர் தவணை கட்ட வைத்திருந்ததில் இரண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்தார். வளைகுடாவில் இருப்பவர்கள் அனுப்பினார்கள். போதாததற்குச் சுண்டலுக்கென்று சேர்த்திருந்த கையிருப்பையும் போட்டுத்தான் கட்டினோம்.

பணம் போன பிறகு அந்தப் பெண்மணியின் குரலை நாங்கள் கேட்கவே இல்லை. முதலில் இயக்குநர் குழுக் கூட்டம் தள்ளிப்போனது என்றார்கள். பிறகு நிதியாண்டு முடிவு, மார்ச் 31 கழியட்டும் என்றார்கள். ஏப்ரலில் அழைத்தால் "அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார்" என்றார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. அரட்டைப் பெட்டியில் எழுதினால் ஒரு புகார் எண்ணைத் தரும். மறுநாள் அந்த எண் 'தீர்க்கப்பட்டது' என்று காட்டும். எதைத் தீர்த்தார்கள் என்று இதுவரை தெரியவில்லை. இதற்கு நடுவே, நிதியை விடுவிக்க 42,000 ரூபாய் உத்தரவாதத் தொகை கட்ட வேண்டும் என்று தானாக ஒரு மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்தது. நேற்று வந்த கடைசிப் பதில் இன்னும் கொடுமை: எங்களுக்கு விற்றது திட்ட அறிக்கை தயாரிக்கும் சேவைதானாம், நிதிக்கு அவர்கள் பொறுப்பில்லையாம், கட்டணம் திரும்பத் தரப்படாது என்று விதிமுறைகளிலேயே இருக்கிறதாம்.

1,18,000 ரூபாய்க்கு அவர்கள் தயாரித்துக் கொடுத்த அந்த அறிக்கையைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் பழங்குடியினர் விடுதி கிடையாது. அறிக்கையின் நடுப்பக்கத்தில், எங்கள் பழங்குடியினர் விடுதி மாணவிகள் 60 பேருக்கு முட்டை வழங்கப்படும் என்று இருக்கிறது. யாரோ இன்னொரு அமைப்பிடம் காசு வாங்கி எழுதியதில் பெயரை மாற்றி எங்களிடம் தள்ளியிருக்கிறார்கள். ஒப்புதல் கடிதத்தை அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் உள்ள முகவரிக்கு அனுப்பிக் கேட்டேன். அது தங்களுடைய கடிதம் அல்ல, நிதி வழங்குவதற்கு யாரிடமும் கட்டணம் பெறுவதில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. விலைப்பட்டியலில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுத் தேடினால், பதிவு ரத்து என்று காட்டுகிறது. 18,000 ரூபாய் வரி யாருக்குப் போனது?

எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. 2021-இல் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகளின்படி, எங்களைப் போல வெளியில் இருக்கும் அறக்கட்டளை நிறுவன நிதியில் பணி செய்ய வேண்டுமென்றால், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகளோடு, அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். எங்கள் அறக்கட்டளை பதிவாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே தேதி இருக்கிறது. அதைக் கையில் வாங்கிய அன்றே எங்களுக்கு இந்த நிதி கிடைக்க வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் தேர்வு நாட்களைக் கழித்து, கடலை ஒவ்வாமையைப் பற்றிப் பேசி, 1,18,000 ரூபாயை வாங்கினார்கள். அந்தத் தொகையில் 214 பிள்ளைகளுக்கும் 45 நாள் சுண்டல் போட்டிருக்கலாம்.

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். நிதி தருபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். செயலாக்கம், உத்தரவாதம், முத்திரைத்தாள் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஆர் நிதியில் பணி செய்ய அறக்கட்டளைகள் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது, சான்றளிக்கும் பட்டயக் கணக்கர் தம் ஊதியத்தை வாங்குவார், அது வேறு. தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவதும் இலவசம். ஒப்புதல் கடிதம் வந்தால், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரியில் கேளுங்கள்; ஒப்புதல் தந்த சிஎஸ்ஆர் திட்டங்களை நிறுவனங்கள் அங்கே வெளியிட்டாக வேண்டும். அரசுப் பள்ளி என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழக அரசுத் திட்டம் வழியாகக் கேட்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் முதலில் பேசுங்கள்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. விடுதி மாணவிகள் 60 பேருக்கு முட்டை கேட்டு இதே போன்ற தளத்திடம் பணம் கட்டிய அமைப்பு எதுவென்று எனக்குத் தெரியாது. இதைப் படிப்பவர்களில் நீங்கள் இருந்தால், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு எண்ணோடு நீங்களும் புகார் கொடுங்கள். ஒரே கணக்குக்கு எதிராக இரண்டு புகார்கள் இருந்தால், இது கட்டணத் தகராறு என்று தட்டிக்கழிக்க அவர்களால் முடியாது.