போர்வெல் போடுவதற்கு முன்பு மண்ணைப் படித்துக் காட்டியவர்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு போட்ட போர்வெல் வற்றவில்லை. களியும் பொடி மணலுமாக வந்து இரண்டு மோட்டாரைக் கெடுத்தது. மண் எங்கே மாறுகிறது என்று பார்க்காமலே போட்டவர்கள் மேலிருந்து கீழ் வரை ஸ்லாட் பைப்பை, அதாவது தண்ணீர் உள்ளே வர வெட்டுகள் போட்ட குழாயை, இறக்கிவிட்டுப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் புவியியலாளர் ஒருவரை அழைத்தேன். ஆய்வுக் கட்டணம் 6,000 ரூபாய். காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் நான்கு கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி, மண்ணின் மின்தடையைக் குறித்துக்கொண்டார். களியும் உப்புத் தண்ணீரும் இரண்டுமே மின்தடையைக் குறைத்துத்தான் காட்டும், ஆகவே கருவியை மட்டும் நம்ப முடியாது என்று அவரே முதலில் சொன்னார். அந்த ஒரு பேச்சில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு முகப்பில் உட்கார்ந்து ஒரு தாளில் அடுக்கு அடுக்காகக் கோடு போட்டார். மேலே செம்புறாங்கல், அதன் கீழே கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கு, இடையிடையே களி. நான் விடவில்லை. நரிமணம் பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்த என் தம்பி, சாத்தப்பாடி ஷேல் என்ற களிப்பாறையைப் பற்றி அடிக்கடி சொல்வான். நம் போரில் வருகிற களி அதுதானா என்று கேட்டேன்.

"இல்லை ஆச்சி, இது வயதில் மிகவும் இளைய களி. அது எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் தொடுகிற ஆழத்தில் கிடக்கிறது" என்றார். பேனாவைத் தாளின் அடியில் வைத்தார். காவிரிப் படுகையில் ஆண்டிமடம் என்ற பாறை அடுக்கு கீழே. அதன் மேல் கடல் ஏறி வந்து படிந்த களிப்பாறைதான் சாத்தப்பாடி. அதற்கும் மேலே புவனகிரி மணற்கல், பிறகு குடவாசல் ஷேல். சாத்தப்பாடி படிந்து சுமார் 11 கோடி முதல் 9.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கடலில் மடிந்த உயிர்ப்பொருள் அந்தக் களியில் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறியது. அங்கிருந்து நகர்ந்து மணற்கல்லில் தங்கியதைத்தான் என் தம்பி போன்றவர்கள் எடுத்தார்கள். அவன் இருந்த வரை இதை எனக்கு யாரும் இப்படிப் புரிய வைக்கவில்லை.

அந்தக் காலத்துக் களியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போகச் சொன்னார். அங்கே அது நிலத்துக்கு மேலேயே ஓடை ஓடையாக அரிபட்டுக் கிடக்கிறதாம். கணவாய் மீனின் பழைய உறவான பெலம்னைட்டின் ஓடு தோட்டா வடிவத்தில் கிடைக்குமாம். போகப்போகிறேன்.

துளை போடும் ரோட்டரி வண்டி வந்த அன்று அவரும் வந்தார். பத்து அடிக்கு ஒரு முறை வெளியே வந்த மண்ணைக் கழுவி, வாழையிலையில் வரிசையாகப் பரப்பினார். 310 அடியில் நிறுத்தினார். வண்டிக்காரர் இன்னும் 100 அடி போகலாம் என்றபோது இவர் அசையவில்லை. களி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தாலும் கொடுக்காது என்றார். துளைக்குள் கருவியை இறக்கி, எந்த ஆழத்தில் மணல், எங்கே களி என்று காட்டும் மின்பதிவு எடுத்தார். மணல் இருந்த இடத்துக்கு மட்டும் ஸ்லாட் பைப், களிக்கு எதிரே வெறும் பைப், சுற்றிலும் கூழாங்கல்.

குறை இரண்டு. அறிக்கை பதினெட்டு நாள் தாமதமாக வந்தது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். தாளில் எனக்குத் தமிழில் வரைந்து காட்டியவருக்கு அதைத் தமிழில் எழுதித் தருவது கடினமா என்ன? கேட்டேன், அடுத்த முறை தருகிறேன் என்றார். அவர் வரைந்த தாளைக் கண்ணாடி போட்டு முகப்பில் மாட்டியிருக்கிறேன். மோட்டார் ஓட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. தொட்டியின் அடியில் ஒரு பிடி மணல்கூட இல்லை.